எஞ்சிய சொற்கள்

பாரிஸ் நகரத்தின் தெற்கு எல்லைக்கு வெளியே, மேடான ஓரிடத்தில், பிசேத்ர் என்னும் பெருங்கட்டடம் இருக்கிறது. பதின்மூன்றாம் லூயி மன்னன் காலத்தில் போரில் அங்கம் இழந்த சிப்பாய்களுக்கென்று எழுப்பப்பட்ட அந்த மாளிகை, பிற்காலத்தில் பிச்சைக்காரர்களுக்குப் புகலிடமாகி, சித்தப்பிரமை கொண்டவர்களை அடைத்துவைக்கும் கொட்டடியாகி, குற்றவாளிகளின் சிறையுமாகி, ஊரார் பெயர் சொல்லவே அஞ்சும் இடமாக நெடுங்காலம் விளங்கிற்று. 1792ஆம் ஆண்டில் கில்லட்டின் என்னும் சிரச்சேத யந்திரத்தை உயிருள்ளவர்மேல் பிரயோகிக்கும் முன்னர்ப் பிரேதங்களை வைத்து ஒத்திகை பார்த்தது இங்கேதான். அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின், பைத்தியம் என்று சொல்லப்பட்டவர்களின் சங்கிலியைக் கழற்றி அவர்களையும் மனிதர்களாக நடத்தலாம் என்று காட்டியதும் இங்கேதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மத்தியில், ஏழை ஆண்களில் முதியவர்களும் தீராத வியாதிக்காரர்களும் வந்து சேர்ந்து, அங்கேயே காலங்கழித்து, அங்கேயே கண்ணை மூடும் தர்ம ஸ்தாபனமாக அது இருந்தது. மனிதனுடைய பேச்சுக்கு மூளையில் ஓர் இருப்பிடம் உண்டு என்னும் சாஸ்திரம் அந்த விடுதியில் பிறந்தது என்பதை வைத்திய நூல்கள் யாவும் முதற்பாடமாகச் சொல்லும். அதே படுக்கையில் வேறொரு சாஸ்திரத்துக்கும் வித்து கிடந்தது என்பதையும், எடுத்து ஆராய்வார் இல்லாமல் அது அங்கேயே விடப்பட்டது என்பதையும் அவை அவ்வளவு விரிவாகச் சொல்வதில்லை. அந்த வித்து, நாகரிகமான சபையில் சொல்லத் தகாத ஒரு வசவு.

லெபோர்ஞ் என்பவர் காலணி தைப்பதற்கு வேண்டிய மர அச்சுகளைச் செதுக்கும் தொழிலாளி. இளமையிலிருந்தே காக்கைவலிப்பு உள்ளவர். ஆயினும் முப்பது வயதுவரை தொழில் செய்து பிழைத்துவந்தார். அந்த வயதில் பேச்சுப் போயிற்று. போன சில மாதங்களில் பிசேத்ரில் சேர்க்கப்பட்டவர், பிறகு அதை விட்டு வெளியேறவே இல்லை. எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து வருவது 'டான்' என்ற ஒரே ஓசை; அதையும் பெரும்பாலும் இரட்டித்து, 'டான், டான்' என்று, கையால் விதவிதமான ஜாடை காட்டிக்கொண்டு சொல்வார். விடுதியில் அவருக்குப் பெயரே டான் என்று ஆகிவிட்டது. பத்தாண்டு கழித்து வலக்கை விழுந்தது; பிறகு வலக்காலும் விழுந்து, படுத்த படுக்கையானார். 1861ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் தேதி, வலக்காலில் புரையோடிய வீக்கத்துடன் அவரை ரண சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிவந்தார்கள். அங்கே அவரைப் பார்த்த வைத்தியர் பால் புரோக்கா.

புரோக்காவுக்கு அந்த நோயாளியின் காலைவிட வாயின்மேல் கவனம் சென்றதற்குக் காரணம் இருந்தது. பேச்சின் சக்தி மூளையின் முன்பாகத்தில் தங்கியிருக்கிறது என்று பூயோ என்னும் முதுபெரும் வைத்தியர் 1825ஆம் ஆண்டிலிருந்தே சொல்லிவந்தார். முன்மூளை கெட்டும் பேச்சுக் கெடாத ஒருவரைக் காட்டுவோருக்கு 500 பிராங்க் தருவதாகப் பந்தயமும் கட்டியிருந்தார். அவர் மருமகனான ஓபூர்த்தேன் மாமனாரின் கட்சியை மானிடவியல் சங்கத்தில் எடுத்துப் பேச, கிராத்தியோலே என்பவர், மூளை பாகம் பிரிக்க முடியாத ஏக வஸ்து என்று எதிர்வாதம் செய்துகொண்டிருந்தார். அந்தச் சங்கத்தை 1859ஆம் ஆண்டில் நிறுவியவர் புரோக்காவே. வாதம் முற்றியிருந்த சமயத்தில், அதைத் தீர்த்துவைக்கக்கூடிய நோயாளி, இன்னும் சில நாளே உயிரோடு இருக்கக்கூடிய நிலையில், தம் பிரிவிலேயே வந்து படுத்திருக்கக் கண்டார்.

ஆகவே அவர் துருவித் துருவி விசாரித்தார். இங்கே எத்தனை ஆண்டுகளாக இருக்கிறாய் என்று கேட்டதற்கு லெபோர்ஞ் இடக்கை விரல் ஐந்தையும் நான்கு தடவை விரித்துக் காட்டி, கடைசியில் ஒற்றை விரலை நீட்டினார்: இருபத்தொன்று, கணக்குச் சரியாகவே இருந்தது. கடிகாரத்தைக் காட்டினால் மணியைக் காட்டத் தெரிந்தது. பிறர் சொல்வதில் பெரும்பகுதி அவருக்கு விளங்கிற்று. தாம் சொல்வது பிறருக்கு விளங்காதபோதுதான் கோபம் வரும். ஜாடையும் 'டானும்' பலிக்காமல் போய், கேட்பவர் விழித்துக்கொண்டு நிற்க, அவருடைய பொறுமை அறுந்துபோகும் அந்தக் கணத்தில், இருபத்தோரு ஆண்டுகளாகத் தண்ணீர் என்றோ ரொட்டி என்றோ சொல்ல வராத அதே நாவிலிருந்து, கடவுளின் திருநாமத்தை இழுத்துச் சொல்லும் தடித்த வசவொன்று, 'சாக்ரே நோம் த தியூ' என்று, முழுமையாகப் புறப்பட்டு வரும். கோபம் தணிந்தால் மீண்டும் டான்தான்.

இவையெல்லாம் புரோக்கா தம் கைப்பட எழுதிவைத்த விவரங்கள். உடன் இருந்த நோயாளிகள் லெபோர்ஞை வெறுத்தார்கள் என்றும், சுயநலக்காரன், வன்மம் கொண்டவன், திருட்டுப் புத்தியுள்ளவன் என்றுகூட அவர்கள் சொன்னார்கள் என்றும் அவர் குறித்திருக்கிறார். தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள ஒரு சொல்லும் இல்லாத மனிதனைப் பற்றி ஊரார் சொன்னதே சாசனமாகிவிட்டது என்பது எனக்கு எப்பொழுதும் உறுத்தும் விஷயம்.

ஏப்ரல் 17ஆம் தேதி லெபோர்ஞ் இறந்தார். மறுநாளே அவருடைய மூளை மானிடவியல் சங்கத்து மேஜைமேல் இருந்தது. இடப்புற முன்மூளையின் மூன்றாவது மடிப்பை நடுவாகக் கொண்டு, ஒரு கோழிமுட்டை கொள்ளத்தக்க பள்ளம் விழுந்திருந்ததைப் புரோக்கா எடுத்துக் காட்டினார். மூளையை அறுத்துப் பார்க்காமல் முழுமையாகச் சாராயத்தில் இட்டுப் பாதுகாத்தது அவருடைய தீர்க்கதரிசனம். ஒன்றரை நூற்றாண்டு கழித்து, காந்த அலைப் படக்கருவி வந்தபின், அதே மூளையை மறுபடியும் உள்ளே பார்க்க முடிந்தது அதனால்தான்.

அந்த ஆண்டு அக்டோபர் மாதத்தில் இரண்டாவது நோயாளி கிடைத்தார். லெலோங் என்னும் அந்தக் கிழவருக்கு வயது 84. மண் வெட்டும் கூலித்தொழிலாளி. தொடை எலும்பு முறிந்து ரண சிகிச்சைக்கு வந்தவர். அவரிடம் சொற்கள் ஐந்து இருந்தன. ஆம் என்பது ஒன்று, இல்லை என்பது ஒன்று, எப்போதும் என்பது ஒன்று, மூன்று என்னும் எண்ணின் குறைப்பட்ட உச்சரிப்பு ஒன்று. ஐந்தாவது, 'லெலோ' என்று ஈறு குறைந்த தம்முடைய சொந்தப் பெயர். எந்த எண்ணைச் சொல்ல வேண்டுமானாலும் மூன்று என்றே சொல்லி, விரலால் அதைத் திருத்திக்கொள்வார். பிள்ளைகள் உண்டா என்றால் ஆம். எத்தனை பேர் என்றால் வாய் மூன்று என்னும், கை நான்கு விரலைக் காட்டும். ஆண் எத்தனை, பெண் எத்தனை என்றால் இரண்டு தடவையும் வாய் மூன்று என்னும், கை இரண்டிரண்டு விரலைக் காட்டும். மணி என்ன என்று கேட்டதற்கு மூன்று என்று சொல்லிக்கொண்டே பத்து விரலையும் விரித்தார். அப்போது மணி பத்து. இறந்தபின் பார்த்தால், லெபோர்ஞுக்கு இருந்ததைவிட மிகச் சிறிய சேதம். ஆனால் அதே இடம்.

வழக்கு தீர்ந்தது. புரோக்காவின் பெயர் அந்த மடிப்புக்கே சூட்டப்பட்டது. அவர் தேடியது பேச்சின் இருப்பிடம். அது கிடைத்துவிட்டதால், லெபோர்ஞின் வசவும் லெலோங்கின் பெயரும் இழப்பின் அளவைக் காட்டும் மிச்சம் மீதிகளாக மட்டும் அவர் கண்ணில் பட்டன. சகல சொற்களும் அழிந்த ஒரு மூளையில் கோபத்தின் சொல் ஒன்றும், ஆயிரக்கணக்கான பெயர்ச்சொற்கள் அழிந்த மற்றொரு மூளையில் தன் பெயர் ஒன்றும் எங்கே தங்கியிருந்தன என்று அவர் கேட்கவில்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஒரு வழக்கை ஜெயித்துக்கொண்டிருக்கும் வக்கீல் வேறு வழக்கைத் தேடுவதில்லை.

இத்தனைக்கும் அந்த அதிசயம் புதியதன்று. ரோமெல் என்னும் ஜெர்மானிய வைத்தியர் 1683ஆம் ஆண்டிலேயே ஒரு ஸ்திரீயைப் பற்றி எழுதியிருக்கிறார்: பாரிசவாயுவினால் பேச்சிழந்த அவருக்கு இரண்டொரு சிறு சொற்கள் தவிர வேறொன்றும் வராது, ஆனால் நித்தியப் பிரார்த்தனைகளையும் வேத வசனங்களையும், வழக்கமான வரிசை மாறாதிருக்குமானால், தடையின்றிச் சொல்லிக்கொண்டே போவார், வரிசையை மாற்றி நடுவில் ஒன்றைக் கேட்டால் தடுமாறுவார். 1745ஆம் ஆண்டில் சுவீடன் தேசத்து டாலின், ஆம் என்பதைத் தவிர வேறு பேசமுடியாத ஒருவன், தொடக்கத்தை யாரேனும் எடுத்துக் கொடுத்தால் கோவில் கீதங்களை முழுவதும் பாடியதைப் பதிவு செய்தார். இவற்றை அக்காலத்தவர் தெய்வ சங்கற்பம் என்று வியந்தார்களே ஒழிய, பிரார்த்தனைக்கும் வசவுக்கும் மூளை ஒரே அறையை ஒதுக்கியிருக்கக்கூடும் என்று நினைக்க எவருக்கும் துணிவு வந்திருக்காது.

துணிந்து ஓரளவு சொன்னவர் பையார்ஷே. 1865ஆம் ஆண்டில் பாரிஸ் வைத்திய அகாதமியில் பேச்சிழப்பைப் பற்றி நடந்த நீண்ட விவாதத்தில், இந்நோயாளிகள் இழப்பது வேண்டுமென்று சொல்லும் ஆற்றலை, தானாகச் சொல்லவரும் ஆற்றலை அன்று என்று அவர் எடுத்துக்காட்டினார். அந்தப் பேச்சு அச்சேறியது. அதற்குமேல் அப்போது ஒன்றும் நடக்கவில்லை.

மறு ஆண்டு பெல்ஜியத்தில் ஒரு நோயாளி விழுந்தார். அவர் பெயர் இல்லாமல் இந்தச் சரித்திரம் நிறைவுறாது. 1866ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நாமூர் என்னும் ஊரின் மாதா கோவில் ஒன்றைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்த கவி பொதலேர் நிலைதடுமாறி விழுந்தார். சில நாட்களில் வலப்பக்கம் செயலற்றுப்போய், பேச்சும் அடங்கியது. பிரெஞ்சு பாஷையின் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுப் பிரயோகித்த அந்த மகாகவிக்கு எஞ்சியது, மர அச்சுச் செதுக்கிய லெபோர்ஞுக்கு எஞ்சிய அதே வசவின் குறுகிய வடிவம்: 'க்ரேநோம்!' அவரை வைத்திருந்த பிரஸ்ஸல்ஸ் மருத்துவ விடுதியை நடத்தியவர்கள் கன்னிகாஸ்திரீகள். மருந்து கொடுக்கும்போதும் ஜபம் சொல்லச் சொல்லும்போதும் கடவுளின் பெயரை இப்படி வசவாக இழுக்கும் மனிதரை அவர்கள் எவ்வாறு எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. பாவி வேண்டுமென்றே சொல்கிறான் என்று கருதினார்கள். தாயார் வந்து பாரிஸுக்கு அழைத்துப்போனார். அங்கே துவால் என்ற வைத்தியரின் இல்லத்தில் ஓராண்டுக்குமேல் கிடந்து, 1867ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் தேதி, 46 வயதில், கவி மறைந்தார்.

அந்த ஓராண்டில் அவரைப் பார்க்கப்போன நண்பர்கள் கண்டது முக்கியமானது. ஓவியர் மனேயின் மனைவி அவருக்கு வாக்னரின் இசையைப் பியானோவில் வாசித்துக் காட்டுவதுண்டு. அப்போது வரும் 'க்ரேநோம்' வேறு, பிடிக்காத பெயரைக் கேட்டபோது வரும் 'க்ரேநோம்' வேறு. தெய்வம் உண்டா இல்லையா என்று புகைப்படக் கலைஞர் நதார் அவரோடு வாதாடியபோது, பொதலேர் கையை வானத்தை நோக்கி ஓங்கி அதே சொல்லால் மறுமொழி சொன்னதாக நதார் எழுதியிருக்கிறார். சந்தோஷமும், ஏக்கமும், எரிச்சலும், மறுப்பும் ஆகிய எல்லாவற்றையும் ஒரே சொல் சுமந்தது. பேதம் முழுவதும் குரலின் ஏற்ற இறக்கத்தில் இருந்தது. ஆகவே சொல் அழிந்த பின்னும் அழியாமல் நின்றவை இரண்டு, வசவும் குரலின் ராகமும். இதைக் கண்ட நண்பர்கள் எழுத்தாளர்கள்; கண்டதை எழுதிவைத்தார்கள். விளக்க வேண்டியவர் கடலுக்கு அப்பால் இருந்தார்.

லண்டனில் குவீன் ஸ்குவேர் என்னும் சதுக்கத்தில் 1860ஆம் ஆண்டில் எட்டுப் படுக்கைகளோடு ஒரு சிறு ஆஸ்பத்திரி திறக்கப்பட்டிருந்தது. தங்களை வளர்த்த பாட்டி பாரிசவாயுவில் விழுந்து, எந்த ஆஸ்பத்திரியும் ஏற்றுக்கொள்ளாத நிலையில் கிடந்ததைப் பார்த்த ஜோஹானா சாண்ட்லர் என்ற பெண்மணியும் அவருடைய சகோதரியும், கிளிஞ்சலாலும் மணியாலும் அலங்காரப் பொருள்கள் செய்து விற்று, 200 பவுன் சேர்த்து, சகோதரனுடைய உதவியால் நகரப் பெரிய மனிதர்களைக் கூட்டிப் பணம் திரட்டித் தொடங்கிய ஸ்தாபனம் அது. பாரிசவாயுவுக்கும் காக்கைவலிப்புக்கும் மட்டுமே ஆனது. அங்கே 1862ஆம் ஆண்டில் உத்தியோகம் ஏற்றவர் ஜான் ஹ்யூலிங்ஸ் ஜாக்சன். யார்க்‌ஷயர் நாட்டுப்புறத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பெரிய சர்வகலாசாலைப் படிப்பு எதுவும் இல்லாமல் தலைநகருக்கு வந்தவர்.

ஜாக்சனைப் போன்ற விசித்திரமான பெரியவரைக் காண்பது அரிது. கூச்ச சுபாவம், கூட்டத்தில் நெடுநேரம் உட்கார மாட்டார், நாடகத்துக்குப் போனால் பாதியில் எழுந்துவிடுவார். நாவல்களில் பிரியம் அதிகம். புதுப் புத்தகம் வாங்கினால் அட்டையைக் கிழித்து எறிந்துவிட்டு, நடுவே இரண்டாகப் பிளந்து, இரு சட்டைப்பையிலும் ஒவ்வொரு பாதியாகப் போட்டுக்கொண்டு போவார் என்பது பிரசித்தமான கதை. அவருடைய வைத்தியக் கட்டுரைகளோ, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு விலக்கு, ஒவ்வொரு விலக்குக்கும் ஓர் அடிக்குறிப்பு என்று வளர்ந்து, படிப்பவனைப் பாதி வழியில் சோர்வடையச் செய்பவை. சோர்ந்தவர்கள் இழந்தது அதிகம். ஏனெனில் அந்தக் கரடுமுரடான பக்கங்களில்தான், பேச்சிழந்தவன் என்ன பேசுகிறான் என்பதை முதன்முதலாக ஒருவர் செவிசாய்த்துக் கேட்டு, ஒழுங்காக எழுதியிருக்கிறார்.

அவர் சேகரித்தவற்றுள் சிலவற்றைப் பார்ப்போம். தண்டவாளத்துக்கு அருகில் நோய் தாக்கி விழுந்த ரயில்வே கைகாட்டிக்காரன் ஒருவன், அதன்பின் 'என்னிடம் வா' என்ற பொருள்பட்ட ஒரே தொடரைச் சொல்லிக்கொண்டிருந்தான். நெடுநேரம் உழைத்து ஒரு ஜாபிதாவை எழுதி முடித்த குமாஸ்தாவுக்கு, 'ஜாபிதா முடிந்தது' என்பதே எஞ்சிய பேச்சு. கைகலப்பில் தலையில் அடிபட்டவன் 'எனக்குப் பாதுகாப்பு வேண்டும்' என்பதைத் தவிர வேறொன்றும் சொன்னதில்லை. நோய் தாக்கிய கணத்தில் நாவில் உருவாகிக்கொண்டிருந்த சொல்லே நிரந்தரமாக நிலைத்துவிட்டது என்று ஜாக்சன் ஊகித்தார். வேறு வகையும் உண்டு. நண்பன் விடைபெறும் வேளையில் 'போய் வா' என்று சொல்லும் நோயாளி, அதையே இப்போது சொல் என்று வைத்தியர் கேட்டால் சொல்ல முடியாமல் விழிப்பான். பேச்சே இல்லாத ஒருவர் குழந்தை விழப்போவதைக் கண்டு 'ஜாக்கிரதை' என்று கத்திவிட்டு, பிறகு அதைத் திருப்பிச் சொல்ல மாட்டாதிருந்தார். ஒரேயொரு தொழிலாளி மட்டும், கருவிகள் எங்கே இருக்கின்றன என்று மகன் கேட்டதற்கு, 'எஜமானர் வீட்டில்' என்ற பொருளில் ஒரு சொல்லைச் சொன்னான். நெடுநாள் மௌனத்தில் வந்த அந்த ஒற்றைச் சொல்லை ஜாக்சன் மற்றவற்றிலிருந்து பிரித்து வைக்கிறார். காரணம், அதில் ஒரு செய்தி இருந்தது. கேட்டவனுக்குத் தெரியாததைத் தெரிவித்தது. மற்றவை செய்தி அல்ல, உணர்ச்சியின் வெடிப்பு.

இவ்வாறு பிரித்ததில்தான் ஜாக்சனுடைய மேதை இருக்கிறது. ஒன்றைப் பற்றி ஒன்றைக் கூறும் பேச்சு வேறு, அதாவது புதிதாகக் கோத்து, அர்த்தம் நோக்கி அமைக்கும் வாக்கியம். வசவு, வாழ்த்து, பிரார்த்தனை, அச்சத்தில் எழும் கூச்சல் ஆகிய முன்பே கோத்துவைத்த பேச்சு வேறு. முன்னது இடப்பக்க மூளையை நம்பியிருப்பது. ஆகவே இடப்பக்கம் கெட்டால் அழியும். பின்னது மூளையின் இரு பாதியிலும், முக்கியமாக வலப்பாதியில் வேரூன்றியிருப்பது, ஆகவே நிற்கும். இன்னும் நுட்பமாக அவர் சொன்னது ஒன்று உண்டு. நோய் ஒன்றையும் உண்டாக்குவதில்லை, அழிக்க மட்டுமே செய்கிறது. ஆதலால் நோயாளி இப்போது சொல்லும் வசவைச் சொல்வது அழிந்த மூளை அன்று, ஆரோக்கியமாக எஞ்சியிருக்கும் மூளையே. புரோக்கா பள்ளத்தைப் பார்த்தார். ஜாக்சன் பள்ளத்தைச் சுற்றி இருந்ததைப் பார்த்தார். வசவையும் அவர் இகழவில்லை. சக மனிதனின் மண்டையை உடைக்காமல் முதன்முதல் திட்டியதோடு நின்றவனே நாகரிகத்துக்கு அடிகோலினான் என்று வழங்கிய ஒரு கருத்தை அவர் தம் கட்டுரையில் எடுத்தாண்டிருக்கிறார். ஒரு கனவான் வைத்தியரின் பேனாவிலிருந்து அக்காலத்தில் வரக்கூடிய வாக்கா அது!

1868ஆம் ஆண்டில் நார்விச் நகரில் கூடிய பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் மகாசபையில் புரோக்காவும் ஜாக்சனும் ஒரே விஷயத்தைப் பற்றிப் பேசினார்கள். கடல் கடந்து வந்த பிரெஞ்சுக்காரருக்குக் கீர்த்தி ஏற்கெனவே வந்திருந்தது. ஜாக்சனுடைய முதிர்ந்த கட்டுரைகள், மனைவியை 1876ஆம் ஆண்டில் இழந்த பின்னர், 1878ஆம் ஆண்டு முதல், தாமும் சேர்ந்து தொடங்கிய 'பிரெய்ன்' என்னும் சஞ்சிகையில் வெளிவந்தன. வந்தும் அவற்றைச் சீந்துவார் சிலரே. மூளையைக் கட்டங்களாகவும் கம்பிகளாகவும் வரைந்து காட்டிய ஜெர்மானியப் பண்டிதர்களின் காலம் அது. வரைபடத்தில் வசவுக்கு இடமில்லை. 1911ஆம் ஆண்டில் ஜாக்சன் காலமான பிறகு, 1915ஆம் ஆண்டில் ஹென்றி ஹெட் என்பவர் அந்தப் பழைய கட்டுரைகளைத் திரட்டி அதே சஞ்சிகையில் மறுபடி அச்சிட்டார். தலையில் குண்டு பாய்ந்த இளைஞர்கள் யுத்தகளத்திலிருந்து ஆஸ்பத்திரிகளுக்கு வந்துகொண்டிருந்த ஆண்டு.

ஜாக்சன் ஊகமாகச் சொன்னதற்குக் கடுமையான சாட்சி கிடைக்க அதற்குமேல் அரை நூற்றாண்டு ஆயிற்று. 1965ஆம் ஆண்டில் அமெரிக்காவில், மூளைக் கட்டியின் காரணமாக, வலக்கைப் பழக்கமுள்ள ஒரு நடுவயதினருக்கு இடப்பாதி மூளை முழுவதையும் அகற்ற நேர்ந்தது. கேள்விக்குப் பதில் சொல்ல முயன்று தோற்கும்போதெல்லாம் அவர் வாயிலிருந்து வசவுகள் தெளிவாக வெளிவந்தன. நாளடைவில் பழைய பாட்டுகளையும் பாடினார். இடப்பாதி இருந்த இடம் வெற்றிடம். ஆகவே வசவு எங்கிருந்து வந்தது என்பதில் விவாதத்துக்கு இடமில்லை. இதற்கு நேர்மாறான சாட்சியம் 1993ஆம் ஆண்டில் அச்சேறியது. ஹீப்ரூவும் பிரெஞ்சும் பேசும் முதியவர் ஒருவருக்கு மூளையின் வலப்புறத்து அடியாழத்தில் இரத்தக்குழாய் கெட்டது. சாதாரணப் பேச்சில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வாழ்நாளெல்லாம் உணவுக்கு முன் சொல்லிவந்த ஆசீர்வாத மந்திரங்களும், ஜபங்களும், தெரிந்த பாட்டுகளும் அவருக்கு வராமல் போயின. ரோமெல் கண்ட ஸ்திரீக்கு எது எஞ்சியதோ அது இவருக்குப் போயிற்று. அந்த அம்மாளுக்கு எது போயிற்றோ அது இவருக்கு எஞ்சியது.

குரலின் ராகத்துக்கு வருவோம். 1979ஆம் ஆண்டில் ராஸ், மெசுலாம் என்ற இரு வைத்தியர்கள் ஒரு பள்ளி ஆசிரியையைப் பற்றி எழுதினார்கள். வலப்பாதி மூளையில் நோய் தாக்கி ஓரளவு குணமான அவர் வகுப்புக்குத் திரும்பியபோது, சொற்களில் பிழையில்லை, பாடத்தில் பிழையில்லை, பிள்ளைகள் மட்டும் அடங்கவில்லை. அதட்டினாலும் கெஞ்சினாலும் குரல் ஒரே மட்டத்தில் வந்தது. உள்ளே கோபம் இருக்கிறது, வெளியே அதன் ஓசை இல்லை. கடைசியில் அந்த அம்மாள், தாம் சொல்வது நிஜமாகவே கோபத்தோடு சொல்வது என்பதைத் தனி வாக்கியமாக ஒவ்வொரு தடவையும் சேர்த்துச் சொல்லப் பழகிக்கொண்டார். ஒரு சொல்லில் சகல பாவமும் காட்டிய பொதலேரையும், சகல சொல்லும் வசமிருந்து ஒரு பாவமும் காட்ட முடியாத இந்த ஆசிரியையையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால், மொழி என்று நாம் ஒன்றாக நினைப்பது எத்தனை உபநதிகள் கூடிய ஆறு என்பது தெரியவரும்.

லெலோங் கிழவரின் ஐந்தாவது சொல்லுக்கும் வாரிசுகள் உண்டு; அது சென்ற வழி மட்டும் ஆஸ்பத்திரி வழியன்று. 1959ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டில் மோரே என்னும் ஆராய்ச்சியாளர், இரு காதிலும் வெவ்வேறு பேச்சை ஒலிக்கச் செய்து, ஒரு காதில் கேட்பதை உடனுக்குடன் திருப்பிச் சொல்லும்படி கேட்டார். மறு காதில் என்ன ஒலித்தது என்று பின்னர் வினவினால் எவருக்கும் ஒன்றும் தெரியாது. அந்தக் காதில் அவரவர் சொந்தப் பெயரை விளித்து ஒரு கட்டளை இட்டபோது மட்டும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் அதைக் கேட்டிருந்தார்கள். 1977ஆம் ஆண்டில் ரோஜர்ஸ் என்பவரும் தோழர்களும் 40 குணச்சொற்களைக் காட்டி, சொல்லின் உருவத்தை, ஓசையை, பொருளைக் கவனிக்கச் சொன்னார்கள். இந்தச் சொல் உனக்குப் பொருந்துமா என்றும் கேட்டார்கள். தனக்குப் பொருந்துமா என்று யோசித்த சொற்களே பிறகு அதிகமாக ஞாபகத்தில் நின்றன. அப்படி யோசிக்கும்போது நெற்றிக்குப் பின்னால், மூளையின் இரு பாதியும் எதிரெதிராகச் சந்திக்கும் உட்சுவரில் ஒரு பகுதி விசேஷமாக விழிப்படைகிறது என்பதைப் படக்கருவிகள் காட்டின. 2006ஆம் ஆண்டில் பெல்ஜிய ஆராய்ச்சியாளர்கள், கண் திறந்தும் பிரக்ஞை இல்லாமல் கிடப்பதாகக் கருதப்பட்ட சிலரிடம் பல பெயர்களை ஒலித்துக் காட்டி, அவரவர் சொந்தப் பெயர் வரும்போது மூளையின் மின் அலை வேறுபடுவதைக் கண்டார்கள்.

உணர்ச்சியின் சொல்லுக்குத் தாய்மொழிப் பற்றும் உண்டு. பாஸ்டன் நகரில் வாழும் துருக்கியர்களிடம் 2003ஆம் ஆண்டில் நடந்த பரிசோதனையில், விரல்நுனி வியர்வையின் நுண்ணிய மாறுதலை அளந்து பார்த்தார்கள். குழந்தையைக் கண்டிக்கும் சொற்களைத் துருக்கியில் கேட்டபோது உடல் பதறிய அளவு ஆங்கிலத்தில் கேட்டபோது பதறவில்லை. ஆங்கிலம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்தப் பாஷையில் அவர்களை எந்தத் தாயும் அதட்டியதில்லை.

அதே பாஸ்டனில், யுத்தத்தில் பணிபுரிந்தோருக்கான அரசாங்க ஆஸ்பத்திரியில், பேச்சிழந்தோருக்கென்று ஒரு புகழ்பெற்ற பிரிவு இருந்தது. பாட முடிகிறவனைப் பாட்டு வழியே பேச்சுக்கு அழைத்துவரும் சிகிச்சை முறை ஒன்றை 1973ஆம் ஆண்டில் அங்கே வகுத்தார்கள். 1980ஆம் ஆண்டில் நான்சி ஹெல்ம் என்ற பெண்மணியும் பாரேசி என்பவரும் அதைவிடத் துணிச்சலான ஒன்றைச் செய்தார்கள். நோயாளி தன்னை அறியாமல் உதிர்க்கும் சொற்களை, அது வசவானாலும் வாழ்த்தானாலும், ஒரு சொல்லுக்கு ஒரு சீட்டாக எழுதி அவன்முன் வைத்து வாசிக்கச் சொல்வது. சொன்னால் சீட்டை வைத்துக்கொள்வது. எழுதியதைச் சொல்லாமல் வேறொரு சொல்லைச் சொல்லிவிட்டால், பிழை என்று திருத்தாமல், எழுதிய சீட்டை எறிந்துவிட்டு அவன் சொன்ன சொல்லைப் புதுச் சீட்டில் எழுதிக்கொள்வது. மேஜை, நாற்காலி என்ற சொற்களைவிட அன்பு, அம்மா போன்ற உணர்ச்சியுள்ள சொற்கள் எளிதில் வந்தன. எழுத்தை வாசித்துச் சொல்லப் பழகியபின் படத்தைப் பார்த்துச் சொல்வது, அதற்கும் பின்னர்ச் சம்பாஷணையில் பயன்படுத்துவது என்று படிப்படியாக ஏற்றினார்கள். சிலரிடம் சீட்டுகள் 200க்கு மேலும் சேர்ந்தன. எல்லா நோயாளிக்கும் இது பலிக்கவில்லை. பிறர் சொல்வதை ஓரளவு விளங்கிக்கொள்பவராகவும், தானாக வரும் சொற்கள் சிலவேனும் தெளிவாக உள்ளவராகவும் பார்த்தே இந்தச் சிகிச்சையில் சேர்க்கிறார்கள்.